கிளைக் கம்பி

பட்டாளத்தோடு மலாயாவுக்குப் போன மாமாவிடமிருந்து அத்தைக்கு இரண்டு வருடமாகக் கடிதம் இல்லை. அந்தச் சமயத்தில்தான், கப்பலில் கம்பியில்லாத் தந்தி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த சித்தப்பா, மலைமேல் தேவனூர் நாட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு ரேடியோவைக் கொண்டுவந்தார். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து பேட்டரி தலைச்சுமையாக ஏறி வந்தது. சிறைப்பட்ட சிப்பாய்களின் பெயர்களைத் தூரத்து நிலையம் ஒன்று சாயங்காலங்களில் வாசிப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். அதன்பிறகு அத்தை சாயங்காலத்தில் வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் பாட்டுப் போடும் பெரிய நிலையம் ஒன்று அந்த மெல்லிய குரலை விழுங்கிக்கொண்டிருந்தது. பலாமரத்து உச்சியிலிருந்து வீட்டுக்கு வரும் ஏரியல் கம்பியில் சித்தப்பா ஓர் இரட்டைக் கம்பியைக் கிளையாகக் கட்டித் தொங்கவிட்டார். அதன் மறுமுனை எதிலும் சேரவில்லை. அரை விரற்கடை வெட்டுவார், உள்ளே போய்க் கேட்பார், மறுபடி வந்து வெட்டுவார். பத்து நாளில் பாட்டு அடங்கிப் பெயர்கள் தெளிந்தன.

"முனைக்குப் போற அலை திரும்பி வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும் கண்ணு. அந்தத் தாமதந்தான் பாட்டை அமுக்குது" என்றார். எட்டு வயதில் எனக்குப் பாட்டு போய்விட்டது என்பது மட்டும்தான் புரிந்தது.

செம்புக் கம்பி வெயிலில் மினுங்கும். எதிலும் சேராத கம்பியில் ஒரு சாண் குறைந்தால் யாருக்கு என்ன என்று, ஒரு மத்தியானம் சித்தப்பாவின் குறடால் நறுக்கி மோதிரம் முறுக்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அந்தக் குரல் சேலம் ஜில்லா என்றது. மாமாவின் பெயரில் முதல் இரண்டெழுத்தையும் சொன்னது. அதற்குள் பாட்டு மேலே ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது. சித்தப்பா திருகினார், பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார், மரத்தடிக்கு ஓடினார். திரும்பி வந்தபோது நிகழ்ச்சி முடிந்திருந்தது.

"அவருதானாடா?" என்று அத்தை கேட்டாள்.

"தெரியலீங்கக்கா."

ஒருமுறை வாசித்த பெயர் திரும்ப வராது.

மறுநாள் காலையில் சித்தப்பா கயிற்றால் அந்தக் கம்பியை அளந்தார். மறுமுனையைப் பிடிக்க என்னைத்தான் கூப்பிட்டார். என் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முனை கையைக் கிழிச்சுரும் சாமி, கழட்டிரு" என்றார். என் விரலுக்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அத்தையிடம் போய், "என் அளவு தப்பிப் போச்சுங்கக்கா" என்றார். புதுக் கம்பி கட்டியபின் வேறு பெயர்களே வந்தன. அத்தை அவருக்குத் தன் கையால் சோறு போடுவதை நிறுத்திவிட்டாள்.

அலை போய்த் திரும்பும் கணக்கு எனக்குக் கல்லூரியில் பாடமாக வந்தபோது சித்தப்பாவும் அத்தையும் உயிரோடு இல்லை.

அதற்கு வெகு முன்பே, சண்டை முடிந்ததும், மாமாவோடு சிறை முகாமில் இருந்த ஒருவர் மலையேறி வந்தார். மாமா காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததைச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். "பேரு ரேடியோவுல போயிருச்சு, இனி ஊட்டுலிருந்து கடுதாசி வரும்னு கடைசிவரைக்கும் பார்த்துட்டே இருந்தாருங்க."

அத்தை அழவில்லை. திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ரேடியோப் பெட்டி சரியாகப் பாடாததற்கு இவ்வளவு பெரிய மனிதர் எதற்காகத் தலைகுனிய வேண்டும் என்று, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு யோசித்தபடி நின்றேன்.