மைதீன் பிச்சையின் மூக்கு

காலொடிந்தால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். மனம் ஒடிந்தால் மட்டும் கையில் கயிறு கட்டுகிறீர்களே, ஏன்?

திண்டுக்கல் பேகம்பூரில் மைதீன் பிச்சை கல்யாண வீட்டு பிரியாணி மாஸ்டர். ஆயிரம் பேருக்குச் சமைத்தாலும் கரண்டியை நாக்கில் வைக்கமாட்டார். தேக்சா என்கிற பெரிய பிரியாணிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து ஒரு மோப்பம் பிடிப்பார். உப்பு வரைக்கும் சொல்லிவிடுவார். கொரோனா வந்தால் வாசனை தெரியாது என்று டிவியில் சொன்ன அன்றே அவருடைய தூக்கம் போனது. மூக்கு போனால் பிழைப்பும் போச்சு.

ஏலக்காயை மோந்து பார்த்தார். மணத்தது. பத்து நிமிடம் கழித்து, இன்னும் மணக்கிறதா என்று பார்த்தார். பிறகு கிராம்பு, அத்தர், மகள் அஃப்சானாவின் ஷாம்பு, கடைசியில் பக்கத்து வீட்டு ஆடு. நாள் முழுக்க மோந்தால் எந்த மூக்கும் மரத்துப்போகும். மரத்ததும், "வந்துருச்சு தாஹிரா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். மூன்று முறை பரிசோதித்தார்கள். மூன்று முறையும் நோய் இல்லை என்றே வந்தது. படபடப்பு மட்டும் அடங்கவில்லை. சோறு இறங்கவில்லை. "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று சுவரிடம் கேட்க ஆரம்பித்தார்.

தெருவே வைத்தியம் சொன்னது. கயிறு மந்திரிக்கும் பொன்னுத்துரை வந்து கறுப்புக் கயிறு கட்டினார். "இனி பயம் உங்க வாசப்படிய மிதிக்காது பாய்." கயிற்றில் பச்சைக் கற்பூரமும் பீடியும் கலந்த வாடை. மோந்து பார்க்க இன்னொரு பொருள் கிடைத்தது, பலன் அவ்வளவுதான்.

கயிறு கட்டிய பன்னிரண்டாம் நாள் தாஹிரா அவருடைய செருப்பை வாசலில் எடுத்துவைத்தாள். "கெளம்புங்க. பெரியாஸ்பத்திரியில மனநல டாக்டரு இருக்காராம்."

"நான் என்ன கிறுக்கனா?"

"உங்களக் கண்டாலே அந்த ஆடு வெடவெடங்குது. அதையும் சேத்துக் கூட்டிட்டுப் போகவா?"

வரிசையில் எல்லோருக்கும் கண்வரை முகக்கவசம். யாருக்கும் தன்னைத் தெரியாது என்ற தைரியத்தில் நின்றார் மைதீன் பிச்சை. முன்னால் நின்றவரிடமிருந்து பச்சைக் கற்பூரமும் பீடியும் இரண்டு முகக்கவசங்களைத் தாண்டி வந்தன.

"பொன்னுத்துரையண்ணே?"

அவர் திரும்பவில்லை. "மெல்லப் பேசுங்க பாய். ரெண்டு மாசமாத் தூக்கமில்ல."

"கயிறு?"

"ரெண்டு கையிலயும் கட்டிப் பாத்துட்டேன்."

தன் மூக்குக்கு ஒன்றுமில்லை என்று மைதீன் பிச்சைக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதனால் வரிசையை விட்டு விலகவில்லை. மாத்திரை, டாக்டரிடம் மனம்விட்டுப் பேச்சு என்று ஆறு மாதம் ஆனது. அகரத்தில் ஒரு கல்யாணத்தில் தேக்சா மூடியைத் திறந்தார். ஒரே ஒரு முறை மோந்தார். மூடினார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் தூக்கமில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாம். அவர் கையில் கிடக்கும் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அதே கையைப் பிடித்து நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.