ஏலக்காய்க்கு ரோஜா வாசம் கொடுத்தவன் நான்தான்

சிலமலையிலிருந்து போடிக்குச் செருப்பில்லாமல் நடந்து வந்தவன் நான். ஐந்தாம் வகுப்பை வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்பியவன். முதலில் ஜீப்பில் கிளீனர். பிறகு மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடையில் எடுபிடி. பிறகு அதே தெருவில் சொந்தக் கடை, அதற்கு மேல் இரண்டு மாடி. மலையில் பாதி எஸ்டேட்டுகளில் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் என் கை பட்டுத்தான் ஓடுகிறது. இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். ஒரு கோயிலுக்குத் தானாக மணி அடிக்கிற மிஷின் செய்து கொடுத்தேன் – கரண்ட் இருந்தால் அது இன்றும் அடிக்கும்.

'ஆரம்பித்துவிட்டார்யா' என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். இந்த வாரம் நான் சொல்ல வந்தது என் சாதனை அல்ல. நான் செய்த நாசம். அதிலும் என் பங்கை அமுக்கப் பார்க்கிறார்கள்... விடுவேனா?

என் கடைக்குப் பின்னால் ஒரு ஷெட்டு இருக்கிறது. உள்ளே பத்தொன்பது பழைய வாஷிங் மிஷின்கள், நான்கு டிரையர்கள். டிரையர் என்றால் ஈரத்துணியை டிரம்மில் போட்டு, உருட்டி உருட்டிச் சூடான காற்றில் காய வைக்கிற பெட்டி. என் வயதுக்காரர்கள் காசிக்குப் போகிறார்கள். நான் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் கட்டப்பனைக்குப் போகிறேன். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுக் கொட்டகைகளில் என்னென்ன பொக்கிஷம் கிடக்கிறது தெரியுமா? ஒரு தோட்டத்துப் பங்களாவில், துணியை ரப்பர் உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழிகிற மிஷினுக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும் வரை காத்திருந்து எடுத்து வந்தேன். பொறுமை இல்லாதவன் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

இது தொழிலா என்று கேட்கிறீர்களா? என் மனைவி ராசாத்தியும் அதையேதான் கேட்கிறாள்.

இத்தனையிலும் என் ராஜா, ஒரு ஜெர்மன் டிரையர். என் மூத்த பெண்ணைவிட மூத்தது. கையில் வந்தபோது டிரம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஏழு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். பேரிங் கிடைக்கவில்லை – ஆட்டோ பேரிங்கை லேத்தில் கடைந்து மாட்டினேன். பெல்ட் கிடைக்கவில்லை – மாவு மில் பெல்ட்டை நீளவாக்கில் கிழித்துத் தைத்தேன். ஹீட்டர் காயிலை என் கையாலேயே சுற்றினேன். பழைய கம்பளியை வெட்டி டிரம் ஓரத்துக்குப் பட்டை வைத்தேன். ஸ்விட்சைத் தட்டினேன். சுற்றியது! படித்த இன்ஜினியர்கள் இரண்டு பேர் வந்து பார்த்து, 'நல்லா பெயின்ட் அடிச்சிருக்கீங்க' என்றார்கள்.

ஆனால் ஒரு சங்கடம். போடியில் டிரையருக்கு என்ன சோலி? இங்கே துணியை உதறிக் கொடியில் போடுகிற நேரத்தில் பாதி காய்ந்துவிடும். ஆறடி ஆழத்தில் தண்ணீர் இருக்கும் ஊரில் போர்வெல் போட்டவன் மாதிரி நின்றேன்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் என் சம்பந்தி வேலுச்சாமி. என் இளைய பெண்ணின் மாமனார். போடிமெட்டுக்கு மேலே பன்னிரண்டு ஏக்கர் ஏலத்தோட்டக்காரர். பேரன் காதுகுத்தில், பந்தி நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு கேட்டார்:

"சம்பந்தி, அந்த இரும்புச் சாமானுக்கெல்லாம் ரேஷன் கார்டுல பேரு சேத்தாச்சா?"

"எல்லாம் ஓடுற மிஷினு, சம்பந்தி."

"ஓடுமா? எங்கிட்டு, பழைய இரும்புக் கடைக்கா?"

பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பெண்ணைக் கொடுத்தவன் நான்... இலையைப் பார்த்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இவருடைய தோட்டத்திலேயே என் ராஜாவை ஓட்டிக் காட்டுவது என்று.

வாய்ப்பு ஆடியில் வந்தது. சம்பந்தி கண் ஆபரேஷனுக்காகக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மலையில் விடாத மழை. வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் தோட்டத்து ஆட்களின் துணி பத்து நாளானாலும் காயாது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் வழி ஒன்றுதான் – ஏலக்காயை அனலில் உலர்த்துகிற ஸ்டோர் ரூமில் திருட்டுத்தனமாகக் கொடி கட்டுவது. ஏலக்காய் இருக்கிறதே, அது பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. எந்த வாசம் அடித்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் சம்பந்தி போன வருஷமே ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் கருப்பையாவிடம், 'இன்னொரு தடவ இங்க துணியப் பாத்தேன், உன் சீட்டைக் கிழிச்சிருவேன்' என்று சொல்லியிருந்தார். இருபது வருஷமாக அந்த அடுப்புக்கு விறகு போடுகிற மனுஷன் கருப்பையா.

டிரையரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் இறக்கினேன்.

"அண்ணே, என்னண்ணே இது? பீரோவா?"

"இனிமே ஒரு துணி உன் ஸ்டோருக்குள்ள வராது. எல்லாத்தையும் இதுல போடச் சொல்லு. ஒங்க முதலாளி வர்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. நானே வந்து காட்டுவேன்."

"சத்தியமாச் சொல்ல மாட்டேண்ணே. மொதல்ல ஓடட்டும்."

இந்த 'மொதல்ல' என்ற வார்த்தையை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஸ்டோருக்குப் பின்புறம் விறகு அறை. கரண்ட் வசதி இருந்தது. டிரையருக்குப் பின்னால் ஒரு குழாய் உண்டு. துணியிலிருந்து வருகிற சூடான ஈரக்காற்றை அதன் வழியாக வெளியே விட வேண்டும். சுவரில் கச்சிதமாக ஒரு ஓட்டை. என் குழாய்க்கு அளவெடுத்து வைத்த மாதிரி! செருகினேன். கருப்பையா அப்போது காய் நிறுக்கப் போயிருந்தார். அந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் யாரையும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் தொழில் செய்தவன் ஓட்டையைப் பற்றியெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பானா?

ராசாத்தி தன் பங்குக்கு, துணி வாசனைக்கு ஊற்றுகிற ரோஜா திரவம் ஒரு கேன் கொடுத்து அனுப்பியிருந்தாள். காய் எடுக்கிற பெண்கள் முதல் லோடைத் திறந்தபோது ஒரே கூத்து.

"அய்யா, சேலை இட்லி கணக்கா சுடச்சுட வருதுய்யா!" என்றாள் ஒருத்தி.

"மோந்து பாருடி, மாப்ள வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு" என்றாள் இன்னொருத்தி.

பத்து நாள் ராஜா ஓய்வில்லாமல் ஓடினார். நான் போடியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு சம்பந்தியின் முகத்தைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன்.

பதினோராவது நாள் கருப்பையா என் கடை வாசலில் நின்றார். குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"அண்ணே, முதலாளி கணக்க முடிச்சிட்டுப் போகச் சொல்லிட்டாருண்ணே."

சம்பந்தி கோயம்புத்தூரிலிருந்து நேராக, ஏலக்காயை ஏலம் விடுகிற மையத்துக்குத்தான் வந்திருக்கிறார். அவர் தோட்டத்துக் காய் சாம்பிள் போயிருக்கிறது. வாங்க வந்த ஒருவர் கையில் கொட்டி முகர்ந்து பார்த்தாராம். மறுபடியும் முகர்ந்தாராம். 'இது பாயசத்துக்கா, மேலுக்குத் தேச்சுக் குளிக்கவா?' என்றாராம். அதோடு சரி. ஒருத்தரும் விலை கேட்கவில்லை. மொத்த லாட்டும் திரும்பி வந்துவிட்டது.

"ஸ்டோர்ல துணி காயப்போட விட்டேன்னு சொல்றாருண்ணே. ஒரு கைக்குட்டைகூட விடலண்ணே. நீங்க கொஞ்சம் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"என்ன வாசமாம்?"

"ரோஜாப்பூ வாசமாம்ணே."

அந்த ஓட்டை என் கண் முன்னால் வந்து நின்றது.

ராசாத்தி காபியோடு வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். "என்ன, மூஞ்சி கருத்த வாழைப்பழம் மாதிரி போகுது?"

"ஒண்ணுமில்ல."

"அந்தக் கொழாய எங்க விட்டீங்க?"

ஐந்தாம் வகுப்பு வாசலைக்கூடப் பார்க்காதவள் அவள். கேள்வியைப் பார்த்தீர்களா?

நம் பக்கத்தில் ஒரு தப்பு நடந்தால் போதும், அதற்கு ஆள் தயாராக இருக்கும். பெரும்பாலும் சம்பளம் வாங்குகிற ஆள். யாரும் தேட மாட்டார்கள், விசாரிக்க மாட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். காதுகுத்துப் பந்தியில் என்னைக் கேலி செய்த மனுஷனிடம் போய், 'உங்கள் காயைக் கெடுத்தவன் நான்' என்று சொல்ல வேண்டியதில்லை. பெண் அந்த வீட்டில் வாழ்கிறாள் என்று ஒரு நல்ல சாக்கும் கையில் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அரை டம்ளர் காபி குடிக்கும் நேரம் யோசித்தேன். கருப்பையா அதே இடத்தில், குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார். சத்தியம் செய்த மனுஷன், டிரையரைப் பற்றி முதலாளியிடம் அன்றுவரை மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை முதல் ஜீப்பில் இருவரும் மலை ஏறினோம்.

சம்பந்தி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். டிரையர், குழாய், ஓட்டை, ரோஜா, எல்லாம். அவர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, உங்களுக்கு எம்புட்டுப் பெரிய மனசு! ஒரு வேலைக்காரனக் காப்பாத்த இம்புட்டுப் பெரிய பொய் சொல்றீங்களே."

"பொய் இல்ல சம்பந்தி!"

"உங்க மிஷினு... பத்து நாளு... ஓடுச்சு?"

"ஓடுச்சு!"

"போங்க சம்பந்தி, சிரிக்க வைக்காதீங்க. கண்ணு ஆபரேஷன் பண்ணிருக்கு."

இந்த மாதிரி அவமானம் யாருக்காவது நடந்திருக்கிறதா? குற்றத்தை ஒத்துக்கொண்டால்கூட, 'உனக்கு அந்த அளவுக்குத் திறமை கிடையாது' என்று திருப்பி அனுப்புகிறார்கள்!

"முதலாளி, நெசமாவே ஓடுச்சு" என்றார் கருப்பையா.

"நீ பேசாத. உன் சோலி முடிஞ்சது."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாசல் தொட்டியில் முக்கினேன். "கொண்டாங்க உங்க துண்டையும்" என்று அவர் தோளில் கிடந்ததையும் பிடுங்கி முக்கினேன். விறகு அறைக்குப் போய் இரண்டையும் டிரம்மில் எறிந்து, ரோஜா திரவத்தை மூடி நிறைய ஊற்றி, ஸ்விட்சைத் தட்டினேன். மாவு மில் பெல்ட் ஒரு முறை முனகியது. பிறகு ராஜா சுற்றினார். பின்னாலேயே வந்த சம்பந்தி கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து வட்டக் கண்ணாடிக் கதவுக்குள் பார்த்தார். அவர் துண்டும் என் துண்டும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன.

"இப்ப அங்கிட்டுப் போய் நில்லுங்க. ஸ்டோருக்குள்ள."

போனார். நாங்கள் வெளியே நின்றோம். உள்ளே அவர் இழுத்து இழுத்து முகர்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவர் முகம் கோயிலில் பன்னீர் தெளிக்கப்பட்ட ஆளின் முகம் மாதிரி இருந்தது.

டிரையரைத் திறந்து, மொறுமொறுவென்று காய்ந்த துண்டை அவர் கையில் வைத்தேன். அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஓடத்தான் செய்யுது, சம்பந்தி" என்றார்.

என் வாழ்நாளில் கேட்டதிலேயே இனிப்பான வார்த்தை. என் வாழ்நாளில் தலை குனிந்ததும் அதே நொடியில்தான்.

அவர் கருப்பையா பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "அடுப்பு அணையப் போகுது, வெரசாப் போய்ப் பாரு" என்றார். முதலாளிகள் மன்னிப்புக் கேட்கிற பாஷை அதுதான். கருப்பையா அதைப் புரிந்துகொண்டு உள்ளே ஓடினார். நான் ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்து, குழாயை எதிர்ச்சுவர் வழியாகச் சரிவைப் பார்த்துத் திருப்பிவிட்டுத்தான் கீழே இறங்கினேன். டிரையர் அங்கேயே இருக்கட்டும் என்று சம்பந்தியே சொல்லிவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஏன் பேனாவை எடுக்கிறேன்?

போன வாரம் ஏல மையத்துப் பக்கம் டீ குடிக்கப் போனேன். சம்பந்தி நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எல்லாம் இந்த வருஷ மழைதாம்பா. ஈரக்காத்துல காய் கெட்டுப் போச்சு."

தனியே இழுத்துக்கொண்டு போய், என் பேரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பின்ன, உங்க பேரச் சொல்லி, என் வீட்டு மருமகள நானே தலைகுனிய வைக்கவா?" என்றார்.

பெரிய மனுஷன்தான், மறுக்கவில்லை. ஆனால் மழைக்கு ரோஜா வாசம் ஏது? இதை நம்புகிற அளவுக்கு ஏலக்காய் வியாபாரிகள் ஏமாந்தவர்களா? அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, கருப்பையாதான் துணி காயப்போட்டிருப்பார் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஜீப் ஸ்டாண்டில் அவர் இறங்கினால், 'என்ன ரோஜா, சௌக்கியமா?' என்கிறார்கள். ஒரு டிரைவர் காற்றை இழுத்து முகர்ந்து வேறு காட்டுகிறான். கருப்பையா சிரித்துக்கொண்டே போகிறார். காதுகுத்துப் பந்தியில் அப்படிச் சிரித்தவன் நான். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

சம்பந்தி, நீங்கள் இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறீர்கள் என்று என் பெண் சொல்லியிருக்கிறாள். அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். ஜீப் ஸ்டாண்டில், அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள். காயைக் கெடுத்தது கருப்பையா இல்லை, என் சம்பந்தி என்று சொல்லுங்கள். அவர் மிஷின் ஓடியதால்தான் கெட்டது என்றும் சொல்லுங்கள்.

இரண்டையும் சொல்ல வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.