காலைக் கழுவிய மச்சான் மாற்றிய கியர்பெட்டி

"என்ரை கடையிலை புழு விழுந்த சூத்தைக் கத்தரிக்காயை நானே எடுத்துக் காட்டிப்போட்டுத்தான் விப்பன். இந்த வாய் இண்டைவரைக்கும் ஒரு சனத்துக்கும் ஒண்டும் மறைச்சதில்லை, மறைக்கவும் மாட்டுது. இந்த லாச்சப்பல் கடைத்தெருவிலை ஆரையெண்டாலும் கேட்டுப் பாருங்கோ!"

மரக்கறிக்கடை அரியரத்தினம் இதை அறிவித்தது, பிள்ளையார் தேர் ரூ பஜோல் தெருவில் திரும்பிக்கொண்டிருந்த நேரம். தேங்காய் உடைகிற சத்தத்துக்கும் மேலாகச் சொன்னார் என்பதால் பிள்ளையாருக்கும் கேட்டிருக்கும். யாரும் மறுக்கவில்லை. மறுக்க ஏதுமில்லை, அது உண்மை. முருங்கைக்காய் முற்றியிருந்தால், "தங்கச்சி, அதை எடாதையும், தும்புதான் கிடக்கு" என்று தானே தடுத்துவிடுவார். அந்தக் குணத்தால் வாடிக்கை பெருகியது, வாடிக்கையால் கடை பெருகியது, கடையால் கார் வந்தது.

கார் என்றால் சும்மா கார் அல்ல. ஜெர்மனியில் யாரோ ஒரு டாக்குத்தர் பாவித்த கறுப்புக் கார். தோல் இருக்கை, முதுகு பிடித்துவிடும் வசதி, தானாக மாறும் கியர். வெங்காய மூட்டைக்கு வேறு வான் இருந்தது. கறுப்புக் காரில் மனிதர் மட்டும்தான் ஏறலாம். மனிதரிலும் கொண்டாட்டத்துக்குப் போகிறவர்கள் மட்டும்.

அப்படிப் போன ஒரு கொண்டாட்டத்தில்தான், ஓல்னே-சூ-புவா என்ற புறநகரில், கல்யாண மண்டபத்து வாசலில், வந்த சனமெல்லாம் பார்த்திருக்க, கார் ஒரு உதறு உதறியது. அதற்குப் பிறகு முன்னுக்கு ஊர்ந்தது. பின்னுக்குப் போகவே மாட்டேன் என்றது. பட்டுவேட்டிக்காரர் ஆறேழு பேர் மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள்.

"அரியரண்ணை, காரும் உங்களைப் போலத்தான், பின்வாங்காது!" என்றான் தள்ளியவர்களில் ஒருவன். தள்ளுகிறவனுக்குப் பகிடி விட உரிமை உண்டென்று அரியரத்தினம் பொறுத்துக்கொண்டார்.

கண்ணாடிச் சுவரும் இலவசக் கோப்பியும் உள்ள பெரிய கராஜ் ஒன்றில் பரிசோதித்து, கியர்பெட்டியை முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டதும் அரியரத்தினம் கோப்பியை வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் சஞ்சீவன், அவருடைய மனைவி பூரணியின் தம்பி. திரான்சியில், சாமான் ஏற்றும் வான்களைத் திருத்துகிற ஒரு கராஜில் வேலை. தானாக மாறும் கியர்பெட்டி ஒன்றை அவன் தன் வாழ்நாளில் திறந்து பார்த்ததாகத் தகவல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய தகுதி ஒன்று இருந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை அரியரத்தினத்தின் காலைக் கழுவி, அவர் கையால் மோதிரம் போடுவித்துக்கொண்டு, மணவறைக்குக் கூட்டிப்போன தோழன் அவன்தான். காலைக் கழுவியவனிடம் கியர்பெட்டியையும் ஒப்படைக்கலாம் என்ற விதியை உலகத்தின் எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியும் கற்பிப்பதில்லை. எங்கள் ஆட்கள் அதைக் கற்காமலே கடைப்பிடிக்கிறார்கள்.

"அத்தான், பிறத்தியாரிட்டைக் குடுக்கப் போறியளோ? நான் செத்தே போனன்?"

"இல்லையடாப்பா, இது ஓட்டோமற்றிக்..."

"ஓட்டோமற்றிக்கெண்டால் என்ன? அதையும் ஒரு மனிசன்தானே செய்தவன். பெல்ஜியத்திலை திருத்தின பெட்டி ஒண்டு கிடக்கு. எடுத்துப் போடுறன். காசை மட்டும் கையிலை தாங்கோ."

"அப்ப பில்லு ஒண்டு..."

சஞ்சீவனின் முகம் சுருங்கியது. "அக்காவின்ரை புருசனுக்கு நான் பில்லு எழுதுறதோ அத்தான்?"

அரியரத்தினத்துக்கே வெட்கமாகப் போயிற்று. அந்த வெட்கத்தோடு காசை எண்ணாமலே கொடுத்தார்.

சில கிழமை கழித்துக் கார் வந்தது. கழுவித் துடைத்து, முன்னுக்குச் சந்தனப் பொட்டும் வைத்திருந்தான். கோயிலைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டினார்கள், பட்டுப்போல ஓடியது. கடை வாசலில் அரியரத்தினம் தேவையில்லாமல் நாலு தரம் பின்னுக்கு எடுத்துக் காட்டினார். அன்றைக்குப் பூரணி நண்டுக் குழம்பு வைத்தாள். நண்டின் பெரிய கால்களை அரியரத்தினம் தன் கையாலேயே மச்சானின் தட்டில் போட்டார்.

அடுத்த ஞாயிறு, ஓடத் தொடங்கி அரைமணி நேரத்தில், பெருந்தெருவில் அதே உதறு. இழுவை வண்டி அருகிலிருந்த கராஜுக்குக் கொண்டுபோனது. அதன் பிரெஞ்சு முதலாளி பிராங்குக்கு யார் யாருடைய காலைக் கழுவினார்கள் என்பது தெரியாது. அவன் காரை மேலே தூக்கி, அடியில் விளக்கைப் பிடித்தான்.

"முசியே, இந்தப் பெட்டியை ஒருவரும் கழற்றவேயில்லை. இந்த ஆணிகளைப் பாருங்கள், தொழிற்சாலையில் தடவிய மஞ்சள் அடையாளம் அப்படியே இருக்கிறது. எண்ணெய் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். குளிராக இருக்கும்வரை நன்றாக ஓடும். சூடேறினால் இப்படித்தான்."

"பெல்ஜியத்துப் பெட்டியிலும் அந்த மஞ்சள் இருக்கலாம்தானே?" மச்சானுக்காக அவர் கடைசியாக வாதாடிப் பார்த்தார்.

"பெட்டியோடு சேர்ந்து பத்து வருடத்து ஊத்தையும் பெல்ஜியத்திலிருந்து வருமா, முசியே?" என்றான் பிராங்க்.

வீட்டில் பூரணி பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

"உம்மடை தம்பி பெட்டி மாத்தேல்லை."

அவள் நிமிரவில்லை. "ஐயோ" என்றும் சொல்லவில்லை. அதிலேதான் அவருக்கு மிச்சமும் விளங்கியது.

"உமக்குத் தெரியுமோ?"

"ஓம். அவன் பிடிச்ச சீட்டு முறிஞ்சு போச்சு. காசு கட்டின சனம் வாசலிலை நிக்குதெண்டு குசினியிலை வந்து அழுதவன். நான்தான் சொன்னனான், உந்தக் காசை அங்கை குடு, அத்தானை நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு."

"நண்டுக் குழம்பும் வைச்சனீர்!"

"பிள்ளை சாப்பிடாமல் திரிஞ்சவன்."

"நானெல்லோ கால் எடுத்துப் போட்டனான்!"

"ஆர் உங்களைப் போடச் சொன்னது? பின்னுக்குப் போகாட்டில் என்ன, முன்னுக்குப் போகுதுதானே. இவ்வளவு காலம் என்னை வெங்காய வானிலை ஏத்தித் திரிஞ்சனியள். நான் ஏதும் கேட்டனானோ?"

அவர் கீழே இறங்கிப் போய் வெங்காய வானுக்குள் இருந்தார். களவு போனது வெறும் காசென்றால் பொலிசுக்குப் போகலாம். இது வீட்டுக்குள்ளே, கறிச்சட்டிக்குப் பக்கத்தில், தன் சாப்பாட்டு மேசையிலேயே திட்டம் போட்டு நடந்தது. சஞ்சீவனோ தொலைபேசியை எடுப்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் எதிர்ப்பட்டபோது, அத்தான் வெளியே போகும்வரை கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றான். அவ்வளவு நீளமான பக்தியை அந்த மூலஸ்தானம் கண்டதில்லை.

வெளியே சொல்லவும் வழியில்லை. சொன்னால் மச்சான் கள்ளன், மனைவி கூட்டு, தான் மடையன் என்று மூன்று செய்தி ஒரே நாளில் லாச்சப்பலைச் சுற்றி வந்துவிடும். "அண்ணை, மச்சான் நல்லாச் செய்து தந்திட்டானாம்?" என்று கேட்டவர்களுக்கு அவர் பாகற்காயை நிறுத்துக் கொடுத்தார். இரண்டாம் தரமும் ஒரு பெட்டிக்குக் காசு போட மனமில்லை. காரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. விற்கப் போவதாக ஒரு பேச்சை மட்டும் அவிழ்த்துவிட்டார்.

சனிக்கிழமை காலை இஞ்ஞாசி வந்தார். புதுச்சேரிக்காரர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், நெடுநாள் வாடிக்கை.

"என்னங்க, காரைக் குடுக்கப் போறீங்களாமே? பேத்திக்குக் கோயில்ல புதுநன்மை விழா வருது. அதுல உக்காத்தி வச்சு மாதா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா எப்படி இருக்கும்!"

"குடுக்கத்தான் யோசிக்கிறன், ஐயா."

"எனக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது, உங்களைத்தான் தெரியும். என் பொண்ணு ஆரெலி சொல்லுது, மெக்கானிக் ஒருத்தனைக் கூட்டிட்டுப் போப்பான்னு. அவருகிட்டயா, அசிங்கம்மான்னு சொல்லிட்டேன். ஏதாச்சும் குறை இருந்தா நீங்களே சொல்லிடுவீங்க."

அரியரத்தினம் வாயைத் திறந்தார். "ஐயா, இதின்ரை பெட்டி..." என்ற வசனம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கல்லாவில் இருந்த பூரணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தனக்கு யார் சொன்னார்கள்? இவ்வளவு சனத்தில் தனக்கு யார் சொன்னார்கள்?

"நீங்களே ஒருக்கா ஓட்டிப் பாருங்கோவன்," என்றார்.

இரவு முழுக்கப் பனியில் நின்ற கார் சொன்னதெல்லாம் கேட்டது. இஞ்ஞாசி கோயில்வரை போனார், திரும்பினார், பின்னுக்கும் எடுத்தார், சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

"அப்படியே திரான்சி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துடலாமா?"

"ஏன் ஐயா, சனிக்கிழமை ட்ராஃபிக். டீசல்தான் சும்மா எரியும். இவ்வளவும் காணும்."

"அதுவும் சரிதான்," என்றார் இஞ்ஞாசி.

பக்கத்து இருக்கையில் இருந்த அரியரத்தினம் எட்டி எஞ்சினைத் தானே நிறுத்தினார். இறங்கி, முன்மூடியில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். பிறகு வந்து, சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார்.