பேருந்து நுழையாத தெரு

டிப்போவில் அவருக்கு ‘அளவு’ என்றுதான் பெயர். எந்தத் தெருவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டி நுழையுமா நுழையாதா என்று சொல்லிவிடுவார். சொன்னது பிசகியதில்லை. லாரியில் கிளீனராகச் சேர்ந்து, வண்டி கழுவிக்கொண்டே ஓட்டக் கற்றுக்கொண்டவர். பிறகு வெளியூர்ப் பேருந்து. ஓய்வு பெறும்வரை வண்டியில் ஒரு கீறல் விழவில்லை.

இந்த நகரத்துக்கு அவர் ஓட்டி வராத நாளே அபூர்வம். ஆனால் பார்த்ததெல்லாம் பேருந்து நிலையமும் ஓட்டுநர் அறையும்தான். நடுவிலிருந்த பழைய பேட்டைக்குள் கால் வைத்ததில்லை. கண்ணாடி வழியே தெரியும் அதன் மணிக்கூண்டைப் பற்றி மட்டும் வீட்டில் வந்து அளப்பார். “மேல ஏறினா ஆறு முழுக்கத் தெரியுமாம்.” தையல் மெஷினை விட்டு எழாமலே மனைவி சொல்வாள், “என்னைக்காவது கூட்டிட்டுப் போங்க.”

அந்த ‘என்னைக்காவது’ ஒருவழியாக வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூண்டை மூடிவிடுவார்கள். ராத்திரி ரயிலில் ஊர் திரும்ப வேண்டும்.

“யார்கிட்டயாவது வழி கேளுங்களேன்.”

“எனக்குத் தெரியாத ஊரா? நீ வா.”

நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். கூண்டு வலப்பக்கம் தெரிந்தது. அடுத்த திருப்பத்திலும் வலப்பக்கம்தான். அதற்கடுத்த திருப்பத்திலும் அப்படியே, ஒரு சாண்கூடக் கிட்ட வரவில்லை. முனை டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயோடு எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், மறுபடியும் வந்துட்டீங்க? ரவுண்ட்ஸா?”

மனைவி நின்றுவிட்டாள். அவரையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னங்க, பஸ் திரும்பற ரோடா பார்த்துத்தானே திரும்பறீங்க?”

அவருக்குச் சுருக்கென்றது. உண்மைதான். ஒவ்வொரு சந்து முனையிலும் அவர் கண் தானாகவே அளந்திருக்கிறது: இங்கே மரப் பால்கனி தாழ்வு, அங்கே வண்டியைத் திருப்ப இடமில்லை. பேட்டை மொத்தத்தையும் அப்படித் தள்ளிவிட்டு, வெளியே ஓடும் அகலச் சாலையிலேயே அவளைச் சுற்ற வைத்திருக்கிறார்.

“பழக்கதோஷம்,” என்றார், வழிந்துகொண்டே.

“நல்ல தோஷம்! இனிமே நான் ஓட்டறேன். நீங்க கண்டக்டர், பின்னாடி வாங்க.”

பக்கத்துச் சந்துக்குள் அவள் விறுவிறுவென்று இறங்கினாள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டிய சந்து. நீலக் கதவு, அதன் பக்கத்தில் மஞ்சள் கதவு. ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி. நாற்காலிக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தவர் கால்களை மடக்கி வழிவிட்டார். காலடியில் கல், நடந்து நடந்து தேய்ந்து வழவழவென்றிருந்தது. ‘இவ்வளவும் இங்கேயா இருந்தது!’ என்று பார்த்துக்கொண்டே வந்தவர், அவள் சட்டென்று நின்றதும் மோதப் பார்த்தார். எதிரே முட்டுச்சுவர்.

“ரிவர்ஸ், ரிவர்ஸ்! வரலாம், வரலாம், ரைட்டுல ஒடி,” என்று சுவரைத் தட்டினார்.

மேல்மாடியில் துணி உலர்த்திய பெண் சிரித்துவிட்டாள். “கூண்டுக்குத்தானேக்கா? அந்தப் படியில ஏறி இடது கைப் பக்கம் போங்க. சீக்கிரம், பூட்டிடுவாங்க.”

ஓடினார்கள். காவலாளி கதவை இழுத்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதுங்க. நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு ஊர்ல இருப்போம் தம்பி. தப்பு என்மேல. இவங்களை ஊரைச் சுத்த வெச்சது நான்தான். நான் இங்கேயே நிக்கறேன், இவங்களை மட்டும் விடுங்க.”

இரைக்க இரைக்க நின்றவளைக் காவலாளி பார்த்தார்.

“ரெண்டு பேரும் போங்க. பார்த்த கையோட இறங்கிடணும்.”

மேலே காற்று அள்ளியது. கூரைகளுக்கு அப்பால் ஆறு வெயிலில் தகதகத்தது. மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். எந்தச் சாலை எங்கே போகிறது என்று சொல்ல அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார்.

“சார், நேரமாச்சு!” என்று கீழிருந்து குரல் வந்தது.

அவர் எட்டிப் பார்த்துக் கத்தினார்: “கொஞ்சம் பொறுங்க தம்பி, இப்பத்தான் பார்க்கவே ஆரம்பிச்சிருக்காங்க!”