ஏழுமலைக்கு ஒரு வாட்ச்

வெள்ளிக்கிழமை காலை கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியாக ஏறத்தாழ நூற்று அறுபது கிலோமீட்டர். பையில் மாற்றுத்துணியைவிட வாட்ச்தான் அதிகம் என்று என் கணவர் கேலி செய்தார். அபாண்டம். இரண்டே இரண்டுதான், அவையும் எங்கள் ஓட்டக் குழுவில் இரவல் வாங்கியவை. ஐம்பது வயதில் காட்டுப் பாதையில் ஓடுகிறாளே என்று தலையில் அடித்துக்கொள்ளும் சொந்தக்காரர்கள்கூட, வாட்ச் வாங்குவதென்றால் என்னைத்தான் கேட்பார்கள். அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

இந்த முறை கேட்டவன் ஏழுமலை. திருவண்ணாமலையின் ஓரத்தில், வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். சில வருடங்களுக்கு முன் ஜவ்வாது மலையில் நடந்த ஓட்டத்தில் கால் பிசகி உட்கார்ந்துவிட்ட என்னை, தன் ஓட்டத்தை விட்டுவிட்டுக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்து சேர்த்தவன். அன்றிலிருந்து எனக்குத் தம்பி. வருகிற தை மாதம் அதே மலையில் மறுபடியும் ஓட்டம் இருக்கிறது. அதற்கு உயரம் காட்டுகிற நல்ல வாட்ச் வேண்டும், கையில் போட்டுப் பார்க்காமல் வாங்க மனசில்லை, நீங்களே வந்து தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தான்.

கீழ்பென்னாத்தூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மலை தெரிந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் இதில் ஏற எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஏழுமலை வரவில்லை. அவன் மனைவி சுமதி ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள்.

“கடையில கூட்டம்க்கா. இப்பல்லாம் வண்டிய நான்தான் ஓட்டுறேன்” என்றாள்.

“சோம்பேறி ஆயிட்டானா?” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கடைக்குப் பின்னாலேயே வீடு. சாப்பாடு முடிந்ததும் ஏழுமலை தன் பழைய வாட்சை எடுத்துவந்து கொடுத்தான். “மேல ஏறுனாலும் அதே உயரம், கீழ எறங்குனாலும் அதே உயரம்க்கா. கெட்டுப்போச்சு.”

திருப்பிப் பார்த்தேன். இந்த வகை வாட்சின் விளிம்பில் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும். அவற்றின் வழியாகக் காற்றின் அழுத்தத்தை அளந்து உயரத்தைச் சொல்லும். மேலே போகப் போக அழுத்தம் குறையும். அந்தத் துளைகள் முழுக்கச் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. மேலே குங்குமம் வேறு.

“என்னடா இது?”

“ஆயுத பூஜைக்கு வெச்சதுக்கா. ஜெராக்ஸ் மிஷினுக்கு, ஸ்டேப்ளருக்கு, ஸ்கூட்டருக்கு, எல்லாத்துக்கும் வெச்சேன். இதுவும் நம்ம ஆயுதம்தானே? மறுநாளே சுத்தமா தொடச்சுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சாமி கும்புட்டே கொன்னுட்டியேடா! எங்க தொடச்ச? அப்பிக்கினு இருக்குது பாரு.”

வாங்கி முகத்தருகே வைத்து அப்படியும் இப்படியும் திருப்பினான். “எங்கக்கா?” என்றான். சுமதி சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போனாள். நான் வாட்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிப் பார்த்தேன். பிழைக்கவில்லை.

இந்த ஊர் மலைமேல் ஏற வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் ஊர்க்காரர்கள் ஓடிப் பழகுவது பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில்தான். மாலையில் சுமதி எங்களை ராஜகோபுரத்தருகே இறக்கிவிட்டாள். இரவல் வாட்ச்களை ஏழுமலையின் கைக்கு ஒன்றாகக் கட்டிவிட்டேன். மலை வலப்பக்கம் இருக்கும்படிதான் சுற்ற வேண்டும். ஓடுகிறவர்களுக்கும் அதே முறைதான்.

செங்கம் ரோட்டில் மெதுவாக ஓடினோம். செயற்கைக்கோளை மட்டும் நம்பி உயரம் சொல்லும் வாட்ச், சமதரையில் இருபது மீட்டர் ஏறிவிட்டோம் என்றது, உடனே இறங்கிவிட்டோம் என்றது. காற்றழுத்த வாட்ச் நிதானமாக இருந்தது. ஆனால் டீக்கடையில் பதினைந்து ரூபாய் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அதுவும் சில மீட்டர் ஏற்றம் காட்டியது.

“மேகம் கூடுது, காத்தழுத்தம் கொறையுது. அதான்” என்று விளக்கினேன்.

“அப்ப டீ குடிச்சே மலையேறிடலாம்” என்றான். இருவரும் சிரித்தோம்.

செங்கம் ரோட்டை விட்டு மரங்கள் அடர்ந்த பகுதிக்குள் திரும்பியபோது இருட்டிவிட்டது. காற்று வீசியது, கரண்ட் போனது. அடுத்த நொடி ஏழுமலை நடைபாதை விளிம்பில் இடறிக் குப்புற விழுந்தான். போன் வெளிச்சத்தை அடித்தேன். முழங்கால் கிழிந்து ரத்தம். “எங்கக்கா இருக்கீங்க?” என்று கேட்டான். நான் அவனுக்குப் பக்கத்திலேயே குனிந்திருந்தேன்.

“எப்பத்துலேர்ந்து இப்படி?”

“ரெண்டு வருஷமா. இருட்டுனா ஒண்ணுமே தெரியறதில்ல, ரோட்டு வெளக்க நம்பித்தான் வந்தேன். பகல்ல நடுவுல மட்டும் தெரியும், குழாய் வழியா பாக்கிற மாதிரி. பரம்பரையா வர்றதாம், மருந்து இல்லியாம். இன்னும் சுருங்கிக்கினே போவும்னு சொல்லிட்டாங்க.”

“இரு, ஆட்டோ கூப்பிடுறேன்.”

“வேணாம்க்கா. சுத்த ஆரம்பிச்சுட்டு பாதியில வண்டி ஏறக்கூடாது. திரும்பவும் கூடாது.”

“முட்டி கிழிஞ்சு கெடக்குது, சட்டம் பேசுற!”

“கைய மட்டும் குடுங்க.”

மீதித் தூரம் முழுவதும் என் முழங்கையைப் பிடித்தபடி நடந்தான். எல்லோரும் ஒரே திசையில் போவதால் எதிரே வந்து யாரும் இடிக்கவில்லை. தை மாசம் பகல் வெளிச்சத்தில் நான் முன்னால் ஓடுகிறேன், நீ பின்னாலேயே வா என்றேன்.

“ஏறிடுவேன்க்கா. எறக்கத்துல?” என்று கேட்டான். “கால எங்க வெக்கிறோம்னு தெரியாது. பார்வையில கீழ்ப்பக்கம்தான் மொதல்ல போச்சு. முழுசா போறதுக்குள்ள இன்னும் ஒரே ஒரு தடவ ஏறிடணும்னு ஆச. அதான் வாட்ச் வாட்ச்னு உங்க உயிர எடுத்தேன்.”

மழை பிடித்துக்கொண்டது. அழுதேன். இருட்டில் அவனுக்குத் தெரியாது என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை தேரடி வீதியில் ஒரு வாட்ச் கடைக்கு மூவரும் போனோம். காற்றழுத்த வாட்ச் ஒன்று இருந்தது, இருபத்தாறாயிரம் ரூபாய். எப்படியும் வாங்கிவிடுவோம், மலையைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நானாக முடிவு செய்திருந்தேன். எடுத்து அவன் மணிக்கட்டில் கட்டினேன். பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பிறகு கழற்றிக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான்.

“அண்ணே, உயரம் காட்டாத வாட்ச் இருக்குதுங்களா? தூரம் மட்டும் காட்டுனா போதும்.”

“இருக்குதுங்க, வெல ரொம்பக் கம்மி. ஆனா மலைல ஓடுறவங்களுக்கு அது ஆவாதே” என்றார் கடைக்காரர்.

“மலைல ஓடலைங்க. சுத்த மட்டும்தான் போறேன்.”

சுமதி அவன் முதுகில் கையை வைத்தாள். இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் வாட்ச் ஒன்றை வாங்கினான். எண்களைப் பெரிதாகத் தெரியும்படி அமைத்துக் கொடுத்தேன். நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மதியப் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏழுமலை வெளியே நின்று, “தைக்கு நீங்க ஏறணும்க்கா. எனக்காக நின்னுட்டீங்கன்னா கோச்சுப்பேன்” என்றான். சரியென்று தலையாட்டினேன். பஸ் நகர்ந்த பிறகுதான் அவனுக்கு அது தெரிந்திருக்குமா என்று தோன்றியது.

தாம்பரத்தில் எங்கள் மொட்டைமாடியில் ஏறிநின்றால் தண்ணீர்த் தொட்டிகள்தான் தெரியும். அங்கிருந்து கிளம்பிப்போய் நான் மலையேறுவேன். கதவைத் திறந்தால் மலை நிற்கிற வீட்டில் இருப்பவன் ஏறமாட்டான். தை மாதம் ஏற்றம் எனக்குப் பெரிதில்லை. இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் கால் எங்கே விழுகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் எப்படித் தாங்கப்போகிறேன் என்று தெரியவில்லை.