குத்துவிளக்கு அவர்களும் பன்னிரண்டு விநாடியும்

இரண்டு வருடங்களுக்கு முன், மிளகு பறிப்பு மும்முரமாக நடக்கும் மாசி மாதத்தில், கொல்லிமலை அரியூர் நாட்டில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இது ஆரம்பித்தது. எனக்கு ஊர் மலையடிவாரம். கொஞ்சம் மானாவாரிக் காடு உண்டு. மழை ஏமாற்றும் வருடங்களில் சோறு போடுவது மைக் செட்தான். காதுகுத்து, கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம், எதுவானாலும் நாலு ஹாரன், இரண்டு பாக்ஸ், ஒரு ஆம்ப்ளிஃபயர் என்று மினி வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பாக்ஸ் சரியாமல் ஓட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அன்றைக்கு வரவேற்புரை சொல்ல வந்தவர் பெற்றோர் குழுத் தலைவி. நாற்பது வயதிருக்கும். மரவள்ளியும் மிளகும் போட்டிருக்கும் விவசாயக் குடும்பம், எட்டாவது வரை படிப்பு. மைக்கைக் கையில் பிடிப்பது அதுதான் முதல் தடவை என்பது, கொடுவாளைப் பிடிப்பதுபோல் அதை இறுக்கிப் பிடித்ததிலேயே தெரிந்தது. எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்து நன்றாகத்தான் படித்துக்கொண்டு வந்தார். கடைசி வரியில் தடுமாறிவிட்டார். குத்துவிளக்கை ஏற்றி வைக்கும்படி கல்வி அலுவலரை அழைக்க வேண்டும். அவர் அழைத்தது இப்படி: "கல்வி அலுவலரை ஏற்றி வைக்குமாறு குத்துவிளக்கு அவர்களை அன்போடு அழைக்கிறேன்."

கூட்டம் மொத்தமும் சிரித்தது. அலுவலர்தான் பெரிதாகச் சிரித்தார். நான் தயார், விளக்கு வருகிறதா கேளுங்கள் என்றார். அந்த அக்காவும் நாக்கைக் கடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார். உண்மையில் விழாவே அதற்கப்புறம்தான் களைகட்டியது.

அத்தனையும் என் செல்போனில் இருந்தது. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு வீடியோ எடுப்பதைத் தவிர வேறென்ன வேலை? மலை இறங்கி வீட்டுக்கு வந்ததும் முன்னும் பின்னும் வெட்டினேன். எல்லோரும் சேர்ந்து சிரித்ததும் போனது, அவர் சிரித்ததும் போனது. அவர் தப்பாகச் சொல்லி நாக்கைக் கடிக்கும் பன்னிரண்டு விநாடி மட்டும் மிஞ்சியது. மைக் செட்காரர்கள் நாங்கள் பதினாலு பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் போட்டேன். பதினாலு பேர்தானே.

நாலாவது நாள் அதே வீடியோ, இணையத்தில் ஏதோ ஒரு காமெடி பேஜின் லிங்க்காக, திருப்பூரில் இருக்கும் என் மச்சான் மூலம் எனக்கே வந்து சேர்ந்தது. பின்னணியில் கழுதை கத்தியது. அந்த அக்காவின் தலையில் யாரோ ஐந்து முகத் திரி ஒட்டியிருந்தார்கள். மறைக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் எடுத்ததாக்கும் என்று மச்சானிடம் சொல்லியும் விட்டேன். பிறகுதான் கீழே இருந்த கமெண்டுகளைப் படித்தேன். அவர் நிறத்தை, பல்லை, சேலையை, மலைக்காரி என்று ஊரை, எழுதக் கூசும் இன்னும் எதையெதையோ கேலி செய்திருந்தார்கள். விளக்கைப் பற்றி யாருமே பேசவில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதை எழுதியது நானில்லையே என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அதே பள்ளித் தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். சின்னக் கூட்டம்தான், ஒரு மைக், இரண்டு பாக்ஸ் போதும் என்றார். என்ன கூட்டம் என்று கேட்டேன். இணையத்தில் கேலி செய்து துன்புறுத்துவதைப் பற்றிப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் பேச ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வருகிறாராம். எனக்குச் சுருக்கென்றது. வேறு ஆளைப் பார்க்கச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அப்படிச் சொன்னால் சந்தேகம் வரும் என்று ஒப்புக்கொண்டேன். இந்த அளவில்தான் அன்றைக்கு என் யோக்கியதை.

கூட்டத்தன்று மலையேறி, சோளக்காடு என்ற ஊரில் வண்டியை நிறுத்தி, இப்படியே திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே டீ குடித்தேன். பள்ளியில் வயர் இழுத்துக்கொண்டே, தலைவி அக்காவைக் காணோமே என்று தலைமை ஆசிரியரிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு வயரைக் கீழே போட்டுவிட்டேன். அந்த அக்கா பள்ளிப் பக்கம் வந்தே மூன்று வாரமாகிறது. பதவி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய மகள் இதே பள்ளியில் ஒன்பதாவது. பஸ்ஸில் யாரோ அந்தக் கமெண்டுகளை உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். வகுப்பில் ஒருவன் அவள் முன்னால் தீக்குச்சியை நீட்டி, ஏத்தட்டுமா என்று கேட்டிருக்கிறான். பதினோரு நாளாக அவள் பள்ளிக்கு வரவில்லை. இன்றைய கூட்டமே அதற்காகத்தான்.

கூட்டத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு மரவள்ளிக் காட்டு வழியாக நடந்தேன். ஏன் போனேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சரியாகச் சொல்லத் தெரியாது. அந்தத் தீக்குச்சிதான் என்று நினைக்கிறேன்.

அந்த அக்கா வாசலில் தார்ப்பாய் விரித்து, மிளகுக் கொத்துகளைக் காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து, தண்ணி குடிக்கிறீங்களா தம்பி என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் கொட்டினேன். எடுத்தது, வெட்டியது, பதினாலு பேருக்கு அனுப்பியது. திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மிளகின் நடுவிலேயே அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்களா தம்பி? அன்னிக்குப் பக்கத்து ஊட்டுக்காரிதான் செல்போன நீட்டிக்கிட்டு நின்னா. அவதான்னு நெனச்சு, மூணு வாரமா அவகிட்ட ஒரு வார்த்தை பேசலீங்களே. அவ குடுத்து உட்ட கொழம்பக்கூடத் திருப்பி அனுப்பிப்போட்டனே."

அதுவரை என் தலைக்குள் ஓடியது எல்லாம் அந்த அக்காவுக்கும் எனக்கும் நடுவிலான கணக்கு. ஒரு தப்பும் செய்யாத இன்னொருத்தி மூன்று வாரமாக வெளியே நிற்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பேச்சுக் குரல் கேட்டு மகள் வெளியே வந்தாள். அம்மா சாடையாகச் சொன்னதும் புரிந்துகொண்டாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கீழ என்னென்ன எழுதியிருந்தாங்கன்னு படிச்சீங்களா?"

படித்தேன் என்றேன்.

"படிச்சுப்போட்டும் சும்மா இருந்தீங்களா?"

அனுப்பியதற்காவது தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்ததற்கு என்ன சொல்வது? என் போனில் முழு வீடியோ இருக்கிறது, எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதில் தெரியும், அதைப் போட்டு உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாங்க, எங்கம்மா மூஞ்சி இனி எதுலயும் வேண்டாம் என்று ஒரே வெட்டாக வெட்டினாள். உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். பதினோரு நாளும் அவள் வீட்டில் சும்மா இருக்கவில்லை. அந்த வீடியோ எந்தெந்த பேஜில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி எழுதி வைத்திருந்தாள். இருபத்து மூன்று.

"இதையெல்லாம் நீங்கதான் எடுக்க வெக்கணும்" என்று நோட்டை என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

அக்கா காலில் ஒட்டியிருந்த மிளகைத் தட்டிவிட்டு நேராகப் பக்கத்து வீட்டுக்கு நடந்தார். நானும் குற்றவாளி மாதிரி பின்னாலேயே போனேன், மாதிரி என்ன, குற்றவாளிதானே. பக்கத்து வீட்டு அம்மா முறம் வைத்துத் தினை புடைத்துக்கொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொல்லி, தப்பாக நினைத்துவிட்டேன் என்றார். அந்த அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே, "மூணு வாரமா உன்ற பேச்சு இல்லாம காது ரெண்டும் நிம்மதியா இருந்துச்சு, அதுக்குள்ள வந்துட்டயாக்கும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. பிறகு என்னை மேலும் கீழுமாகப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது மட்டும் சிரிப்பில் சேராது.

மகள் வீட்டிலேயே இருந்துகொண்டாள்; அக்காவும் பக்கத்து வீட்டு அம்மாவும் நானும் கூட்டத்துக்குச் சேர்ந்தே போனோம். சப்-இன்ஸ்பெக்டர் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எளிமையாகப் பேசினார். யாராவது உங்களைக் கேலி செய்து போட்டால் பதிலுக்குத் திட்டி எழுதாதீர்கள், அதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அழிவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அதுதான் சாட்சி. பிறகு புகார் செய்து அந்த ஆளை பிளாக் செய்யுங்கள். மனசுக்குள் வைத்துப் புழுங்காமல் வீட்டிலோ பள்ளியிலோ சொல்லுங்கள், மிரட்டல் வந்தால் எங்களிடம் வாருங்கள். அடுத்தவர் படத்தை அவர் சம்மதமில்லாமல் போடாதீர்கள். இன்னொன்றையும் சொன்னார்: தொடங்கியவன் மட்டுமில்லை, சிரித்துக்கொண்டே அடுத்தவருக்குத் தள்ளிவிட்டவனும் அதில் பங்காளி.

அவர் முடித்ததும், யாரும் கூப்பிடாமலே தலைவி அக்கா எழுந்து மைக் பக்கம் வந்தார். அவர் மைக்கைப் பிடித்து, "இங்க வந்திருக்கிற குத்துவிளக்கு அவர்களுக்கு வணக்கம்" என்றார். பிள்ளைகள் சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சிரிங்க சாமி. அன்னிக்கு நானுந்தான் சிரிச்சேன். மொகத்துக்கு நேரா சிரிச்சா நானும் கூடச் சேந்து சிரிப்பேன். அதயே வெட்டி எடுத்து எங்கயோ இருக்கறவங்களுக்கு அனுப்புனா, நான் யாரோட சேந்து சிரிக்கறதுங்க?"

இவ்வளவுதான் பேசினார். பிறகு, அதை எடுத்தவர் இன்றைக்கு அவராகவே வீடு தேடி வந்து ஒப்புக்கொண்டார், அவர் யாரென்று நான் சொல்ல மாட்டேன் என்றார். அந்த நேரம் பார்த்து நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனியப் போய், முழங்கை பட்டு வால்யூம் தாறுமாறாகத் திருகிக்கொண்டது. பாக்ஸ் இரண்டும் காதைக் கிழிப்பதுபோல் கீச்சென்று கத்தின. பள்ளிக்கூடம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பத்து வருடத் தொழிலில் என் மைக் செட் அவ்வளவு மோசமாகக் கத்தியதில்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது? எழுந்து நின்று, நான்தான் என்று சொல்லி, அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து, தீக்குச்சி நீட்டியது நான்தான் என்றான். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

கூட்டம் முடிந்து, வயரைச் சுற்றி முடிப்பதற்குள் மகள் சீருடையோடு வந்துவிட்டாள். ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேலேயே நோட்டை விரித்தோம். முதல் பேஜ் என் நண்பனுடையது. போன் செய்தேன். நல்லா ஓடிட்டிருக்குது, விடப்பா என்றான். போனை ஸ்பீக்கரில் போட்டு, அந்த அம்மாவின் மகள் பக்கத்தில்தான் இருக்கிறாள், அவளிடமே சொல் என்றேன். இரண்டு நிமிடத்தில் வீடியோ காணாமல் போனது. அன்றைக்கு நாலு. பதினாலு பேர் குழுவில் என் தப்பை எழுதி, அவரவர் அனுப்பிய இடத்திலிருந்து அழிக்கச் சொன்னதில் அந்த வாரத்துக்குள் இன்னும் பதினைந்து. மூன்று பேர் மசியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் சொல்லிக் கொடுத்தபடி புகார் செய்து அவற்றையும் எடுக்க வைத்தோம். ஏழு வாரம் ஆனது. ஒன்று மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அந்த பேஜை நடத்துவது யாரென்றே தெரியவில்லை, புகாருக்கும் அசையவில்லை. அதைச் சொல்ல நான் தயங்கித் தயங்கிப் போன் செய்தபோது அந்தப் பெண், அதை இப்போ யாரும் பார்க்கறதில்லீங்க, எனக்குப் பரீட்சை இருக்குது, வெச்சுடறேன் என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த அக்கா மறுபடி தலைவியாக இருக்கிறார். போன வருட ஆண்டு விழாவுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். மைக் செட் கொண்டு வாங்க, போனை வண்டியிலயே உட்டுப்போட்டு வாங்க என்றார், சிரித்துக்கொண்டுதான். விட்டுவிட்டுத்தான் போனேன்.

மேடையில் யாராவது தடுமாறினால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வந்தால் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறேன். எதையாவது அடுத்தவருக்கு அனுப்பக் கை நீளும்போது மட்டும், படிச்சுப்போட்டும் சும்மா இருந்தீங்களா என்று கேட்ட அந்தப் பெண்ணின் குரல், எந்த மைக்கும் இல்லாமலே எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.