இரண்டு பைகளுக்கும் சமமாக

ஜனவரி 12, திங்கள். தலைச்சோலை. பால் காய்ச்சினேன். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டேன். எங்கள் மலைத் தோட்டத்தில் காபிப் பழம் பறிக்க வந்த பாப்பாத்திக்கும் லட்சுமிக்கும் ஆளுக்கொரு வரிசை பிரித்துக் கொடுத்தேன். பறிக்கிற எடைக்குத்தான் கூலி. அதனால் ஒருத்தி வரிசையில் இன்னொருத்தி கை வைக்க மாட்டாள்.

பெங்களூரிலிருந்து அக்கா மகள் மது வந்திருந்தாள். கூடவே விவேக். அக்காவிடம் சொல்வதற்கு முன் சித்தி என்னிடம் ஒரு டிரையல்!

டிபனுக்கு நடுவில் விஷயத்தை உடைத்தாள். விவேக்குக்கு ஏற்கெனவே ரியா என்றொரு காதலி இருக்கிறாள். மதுவும் வேண்டுமாம். ஏமாற்று இல்லையாம்... எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் சம்மதித்து! ஊர் திரும்புவதற்குள் மது முடிவு சொல்ல வேண்டும்.

"எத்திக்கல் நான்-மோனோகமி, ஆன்ட்டி. கன்சென்ட்தான் அடிப்படை," என்றான் விவேக், இன்னொரு தோசையை எடுத்தபடி.

"தீபாவளிக்கு யார்கூட இருப்பீங்க?"

"காலண்டர் ஆப் இருக்கு ஆன்ட்டி. கலர் கலரா பிரிச்சிருவேன்."

எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என் வீட்டுக்காரருக்கு இருப்பது ஒரே மனைவி. அவள் பிறந்தநாளே நினைவில் நிற்பதில்லை!

மதுவைப் பார்த்தேன். தட்டில் தோசை ஆறிக் கிடந்தது. அவனை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது — அதுதான் சிக்கல்.

பிறகு தோட்டத்துக்குப் போனோம். விவேக் உற்சாகமாகப் பாப்பாத்தியின் வரிசையில் புகுந்தான். பழம், காய் என்ற பேதமில்லாமல் உருவினான். பாதியைப் பாப்பாத்தி பையில் போட்டான். மீதியை லட்சுமி பையில்.

"ஏனுங் சாமி, என்ற வரிசையில பறிச்சு அவ பையில போடறீங்க? என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள் பாப்பாத்தி.

லட்சுமிக்காவது சந்தோஷமா? "எம் பையில பச்சக் காயக் கொட்டிப்போட்டாரு பாருங்க! நானா கேட்டேன்?"

"ரெண்டு பேருக்கும் சமமாத்தானே போட்டேன்!"

"சமமாப் போட்டா ஆச்சுங்களா? கேக்கோணுமுங்க," என்றாள் பாப்பாத்தி.

மது சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"விவேக், ரியாகிட்ட என்னைப் பத்திச் சொல்லிட்டியா?"

"சொல்லணும்... நல்ல மூட்ல இருக்கறப்போ..."

"எல்லாருக்கும் தெரியும்னியே?"

"கொள்கை அளவுல தெரியும்."

கொள்கை அளவில்! மூன்று பேர் மனமறிந்து சம்மதித்தால் அது அவர்கள் பாடு. நடுவில் பேச நான் யார்? ஆனால் ஒருத்திக்குத் தெரியாமல் நடத்துவதற்குப் புதுப் பெயர் எதற்கு? பழைய பெயரே இருக்கிறதே — சின்ன வீடு. காலண்டர் ஆப் மட்டும்தான் புதுசு.

"ரியா நம்பர் குடு," என்றாள் மது. கொடுத்தான். மாலை பஸ் வரும்வரை அவனை உட்காரவைத்து, இரண்டு பைகளிலிருந்தும் பச்சைக் காய்களைப் பொறுக்க விட்டேன். பிறகு அவன் மட்டும் அடிவாரத்துக்கு இறங்கினான்.

ஜனவரி 13, செவ்வாய். காலை முதல் வேலையாக மது ரியாவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு இரண்டு பக்கமும் அழுகை. பிறகு... மது சிரித்தது கோழிக்கூடு வரை கேட்டது. பொங்கலுக்கு ரியா இங்கே வருகிறாளாம். பாப்பாத்தியிடம் கேட்டேன் — தன் வரிசையில் ரியா கை வைப்பதில் அவளுக்குச் சம்மதமாம்.